ஊராட்சிக் கணக்கைக் கேட்பது எப்படி? கிராம சபை முதல் வீட்டு வரி வரை

கிராம சபைக் கூட்டத்துக்குப் போனால் முதலில் கைக்கு வருவது ஒரு நோட்டு. பெயரெழுதிக் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். சில வருடங்களுக்கு முன் ஒரு குடியரசு நாளில் நானும் அப்படிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தேன். தெருவிளக்கு எரியவில்லை, மேற்குத் தெருவில் சாக்கடை வழிகிறது, வரி கட்டியும் பாக்கி காட்டுகிறது என்று பத்துப் பதினைந்து பேர் எழுந்து பேசினார்கள். எல்லாவற்றுக்கும் "பார்த்துக்கலாம்" என்று பதில் வந்தது. இரண்டு மாதம் கழித்து அந்தக் கூட்டத்தின் தீர்மான நகலை வாங்கிப் படித்தேன். நாங்கள் பேசியதில் ஒரு வரிகூட அதில் இல்லை. எல்லாப் பொருளும் ஏகமனதாக நிறைவேறியதாக எழுதியிருந்தது. வந்தவர்கள் பட்டியலில் என் கையெழுத்தும் இருந்தது.

பேசியது எழுத்தில் ஏறாவிட்டால், அரசைப் பொறுத்தவரை நாம் பேசவே இல்லை என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. கீழே சொல்லப்போவது எல்லாம் இந்த ஒன்றைச் சுற்றித்தான்: ஊராட்சியில் எது எழுத்தில் இருக்க வேண்டும், அதைப் பார்க்க உங்களுக்கு என்ன உரிமை, எப்படிக் கேட்பது.

தமிழ்நாட்டில் சுமார் 12,500 கிராம ஊராட்சிகள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் அடிப்படை 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம். அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர். யாரும் அழைத்து அனுமதி தர வேண்டியதில்லை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை சபை கூடுகிறது. முன்பு நான்குதான். உலகத் தண்ணீர் நாளும் உள்ளாட்சி நாளும் 2022-இல் சேர்ந்தன.

எத்தனை பேர் வந்தால் கூட்டம் செல்லும் என்பதற்கும் கணக்கு உண்டு. ஊரின் மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். கூட்டத்துக்கு வராதவர்களிடம் வேலைத்தளத்திலோ ரேஷன் கடை வரிசையிலோ நோட்டை நீட்டிக் கையெழுத்து வாங்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. இந்த எண்ணிக்கையை நிரப்பத்தான் அது. கூட்டத்துக்குப் போகாமல் அந்த நோட்டில் தயவுசெய்து கையெழுத்துப் போடாதீர்கள். நீங்கள் கேட்டிராத தீர்மானத்துக்கு உங்கள் பெயர் சாட்சியாகிவிடும்.

சரி, கூட்டத்தில் என்ன கேட்பது? ஊராட்சியின் ஆண்டுத் திட்டத்துக்கும் வரவு செலவுத் திட்டத்துக்கும் ஒப்புதல் தருவது, தணிக்கை அறிக்கையைப் பார்த்து ஏற்பது, நடக்கும் பணிகளை ஆய்வு செய்வது ஆகியவை சட்டப்படி கிராம சபையின் வேலை. ஆகவே கணக்குக் கேட்பவர் யாருக்கும் எதிராகப் பேசுகிறார் என்று பொருள் இல்லை. சபை செய்ய வேண்டிய வேலையைச் செய்கிறார். வரவு செலவு அறிக்கைக்குப் படிவம் 30 என்று பெயர். அதைச் சபையில் வாசித்து ஒப்புதல் பெற வேண்டும். "படிவம் 30 எங்கே?" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். "கணக்கைக் காட்டுங்க" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும்.

அந்தத் தாளைப் படிக்கும்போது மொத்தத் தொகையில் நிற்காமல் செலவுப் பக்கத்தில் திரும்பத் திரும்ப வரும் இனங்களைப் பாருங்கள். மோட்டார் பழுது, பைப் லைன் பழுது, தெருவிளக்குச் சாமான், பிளீச்சிங் பவுடர் இவைதான் பெரும்பாலும் வரும். ஒரே மோட்டார் எத்தனை முறை பழுதுபார்க்கப்பட்டது, எந்தத் தெருவில் எத்தனை பல்பு மாற்றப்பட்டது என்பது அந்தத் தெருக்காரருக்குத் தெரியும். வெளியூரிலிருந்து வரும் தணிக்கையாளருக்குத் தெரியாது. கிராம சபையின் பலம் இதில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

மத்திய நிதிக்குழு மானியத்துக்கும் இதே கேள்வி பொருந்தும். 15-ஆவது நிதிக்குழுவின் மானியத்தில், 2021-22 முதல் 2025-26 வரை 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டுமே என்று ஒதுக்கப்பட்டது. மீதி 40 சதவீதத்தை ஊரின் மற்றத் தேவைகளுக்குச் செலவிடலாம் என்றிருந்தது. சம்பளத்துக்கும் நிர்வாகச் செலவுக்கும் எடுக்கக் கூடாது என்பது விதி. மத்திய அரசின் இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் உங்கள் ஊராட்சியின் பெயரைத் தேர்ந்தெடுத்தால் திட்டமும் செலவும் வரும். கூட்டத்துக்கு முந்தின நாள் யாராவது ஒரு பிள்ளையைக் கைபேசியில் எடுத்துக் காட்டச் சொல்லி, நாலு வரி குறித்துக்கொண்டு போங்கள்.

அப்புறம், தீர்மானப் புத்தகம். நீங்கள் ஒன்றைப் பேசினால் பேச்சோடு விடாதீர்கள். "இதைத் தீர்மானமாக எழுதுங்கள்" என்று சொல்லுங்கள். முடிந்தால் இரண்டே வரியில் நீங்களே எழுதிக்கொண்டு போய் எல்லோர் முன்னாலும் வாசித்துக் கொடுங்கள். "மேற்குத் தெருவில் மாரியம்மன் கோயில் முதல் ஓடை வரை உள்ள சாக்கடையைச் சீர்செய்ய மதிப்பீடு தயாரிக்கத் தீர்மானிக்கப்படுகிறது" என்று இடமும் வேலையும் இருந்தால் போதும். கூட்டம் முடியும் முன் எழுதியதை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள்.

தலைவர் இல்லாத ஊராட்சியில் யாரைக் கேட்பது என்று பலருக்குக் குழப்பம் இருக்கிறது. 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, அவர்களுக்குப் பதிலாக அரசு நியமித்த தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். காஞ்சிபுரம், விழுப்புரம், தென்காசி உள்ளிட்ட 9 மாவட்டங்களில் தேர்தல் 2021 அக்டோபரில் நடந்ததால் அங்கே பதவிக்காலம் முடியும் நாள் வேறு. தனி அலுவலர் இருந்தாலும் கிராம சபை நடந்தே ஆக வேண்டும். கணக்கும் வைத்தாக வேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாத காலத்தில் ஊரார் கண் இன்னும் கூர்மையாக இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். சாதாரண நாளில் பணம் எடுக்கத் தலைவர், துணைத் தலைவர் இருவர் கையெழுத்தும் வேண்டும் என்பதே ஒரு தடுப்பு. அந்தத் தடுப்பும் அப்போது இருக்காது.

வரி விஷயம்

ஊராட்சி வசூலிப்பவற்றில் முக்கியமானவை வீட்டு வரி, தொழில் வரி, தண்ணீர்க் கட்டணம், உரிமக் கட்டணங்கள். வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்து வரும். வரியில் ரூபாய்க்கு 10 பைசா. தொழில் வரி ஒருவருக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாயைத் தாண்டக் கூடாது என்பது அரசியல் சட்டமே வைத்த வரம்பு.

கையில் பணத்தைக் கொடுத்துவிட்டு "ரசீது அப்புறம் வாங்கிக்கிறேன்" என்று வருவதில்தான் பெரும்பாலான சிக்கல் தொடங்குகிறது. தெரிந்தவர், உறவுக்காரர், கேட்டால் என்ன நினைப்பாரோ என்று விட்டுவிடுகிறோம். பிறகு மின் இணைப்புக்கோ கடனுக்கோ போகும்போது மூன்று வருடப் பாக்கி என்று வரும். இப்போது ஊரக வளர்ச்சித் துறையின் இணையதளத்திலேயே வீட்டு வரியைக் கட்டலாம். கட்டியதும் ரசீது வரும். ரொக்கமாகக் கட்டினாலும் அந்தக் கணினி ரசீதைக் கையோடு வாங்குங்கள். அதில் வரி விதிப்பு எண், எந்த ஆண்டுக்கு, எவ்வளவு என்ற மூன்றையும் அங்கேயே நின்று சரிபாருங்கள். பழைய ரசீதுகளை ஒரு மஞ்சப்பையில் போட்டு வையுங்கள். பாக்கி என்று யாராவது சொன்னால் பேசப்போவது அதுதான்.

நம் சொந்த வரியைத் தாண்டி, ஊர் முழுவதுக்கும் ஒரு பட்டியல் இருக்கிறது. அதற்குக் கேட்பு, வசூல், நிலுவைப் பட்டியல் என்று பெயர். ஊராட்சிக்கு எவ்வளவு வர வேண்டும், எவ்வளவு வந்தது, யாரிடம் எவ்வளவு நிற்கிறது என்பது அதில் தெரியும். என்னைக் கேட்டால் ஒவ்வொரு ஆண்டும் ஊரார் பார்க்க வேண்டிய முதல் காகிதம் இதுதான். ஓட்டு வீட்டுக்காரரிடம் நூறு ரூபாய் பாக்கிக்குக் குடிநீர்க் குழாயை அடைப்போம் என்று சொல்லும் அதே ஊரில், ஒரு கல்யாண மண்டபமோ தொழிற்கூடமோ ஆயிரக்கணக்கில் நிலுவை வைத்திருக்கலாம். பட்டியலைப் பார்க்காமல் அது தெரியவே வராது. நிலுவை வசூலானால் அது ஊராட்சியின் சொந்த வருவாய். எந்த மானியத்துக்கும் காத்திராமல் தெருவிளக்கு போடலாம்.

வேலைக்கு ஆள் எடுப்பது

ஊராட்சிச் செயலர், மேல்நிலைத் தொட்டி இயக்குபவர், தூய்மைப் பணியாளர், தூய்மைக் காவலர் என்று ஊராட்சியில் சம்பளம் வாங்குபவர்கள் சிலரே. ஆனால் ஊரில் மனக்கசப்பு அதிகம் வருவது இதில்தான். செயலர் பணிக்கு இப்போது வெளிப்படையான அறிவிப்பு வருகிறது. 2025 அக்டோபரில் மாநிலம் முழுக்க 1,483 இடங்களுக்கு விண்ணப்பம் கேட்டார்கள். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். இடஒதுக்கீட்டுக்கான இனசுழற்சி உண்டு. அந்த இடம் எந்தப் பிரிவுக்கு என்பது அறிவிப்பிலேயே இருக்கும். பணம் கொடுத்தால் வேலை என்று யாராவது சொன்னால் அதுவே குற்றம். லஞ்ச ஒழிப்புத் துறையிடம் சொல்ல வேண்டியது.

தொட்டி இயக்குபவர் போன்ற சிறிய பணிகளில் கவனம் இன்னும் தேவை. நியமன ஆணை யார் பெயரில், எந்தத் தேதியில், எந்த மன்றத் தீர்மானத்தின்படி, மாதச் சம்பளம் யார் வங்கிக் கணக்குக்குப் போகிறது என்ற நான்கையும் கேளுங்கள். விடியற்காலையில் மோட்டார் போடுபவர் ஒருவர், பதிவேட்டில் இருப்பவர் இன்னொருவர் என்றால் இந்த நான்கு தாளில் வெளியே வந்துவிடும். இதைக் கேட்கும்போது ஒன்றை மனதில் வையுங்கள். உண்மையில் வேலை பார்ப்பவர் பெரும்பாலும் ஏழைதான். கேள்வி அவரைப் பார்த்துப் போகக் கூடாது, நியமித்தவரைப் பார்த்துப் போக வேண்டும்.

சபையில் பதில் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது. வெள்ளைத் தாளில் எழுதி, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவருக்கு அந்தக் கட்டணமும் இல்லை. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. மனு அலுவலகம் மாறிப் போனால் 5 நாளுக்குள் உரிய இடத்துக்கு அவர்களே அனுப்ப வேண்டும். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதிலும் நியாயம் கிடைக்காவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். தகவல் தராத அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் வரை அபராதம் போட ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

எழுதும் விதம் முக்கியம். "ஏன் சாக்கடை கட்டவில்லை?" என்று கேட்டால் அது தகவல் இல்லை என்று திருப்பிவிடுவார்கள். "2024-25 ஆண்டில் மேற்குத் தெருச் சாக்கடைக்குத் தயாரித்த மதிப்பீடு, அளவுப் புத்தகப் பக்கங்கள், பணம் வழங்கிய ரசீது ஆகியவற்றின் நகல்" என்று காகிதத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். (அளவுப் புத்தகம் என்பது செய்த வேலையை அளந்து எழுதும் ஏடு.) நகல் பக்கத்துக்கு 2 ரூபாய். நிறைய இருந்தால் நகல் வேண்டாம், நேரில் பார்க்கிறேன் என்று எழுதலாம். முதல் ஒரு மணி நேரம் பார்க்கக் கட்டணம் கிடையாது.

புகாருக்கு முதல் படி வட்டார வளர்ச்சி அலுவலர், கிராம ஊராட்சிப் பிரிவு. அவருக்கு மேல் மாவட்டத்தில் ஊராட்சிகளுக்கான உதவி இயக்குநர். ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற பொறுப்பு மாவட்ட ஆட்சியருடையது. திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள். 155340 என்ற ஊராட்சி மணி புகார்த் தொலைபேசி எண்ணிலும் சொல்லலாம். தலைவர் மீது கடுமையான முறைகேடு இருந்தால், சட்டத்தின் 205-ஆவது பிரிவின்படி ஆட்சியர் விளக்கம் கேட்டு, வட்டாட்சியர் மூலம் மன்றத்தின் கருத்தை அறிந்து, பதவி நீக்கம் வரை போகலாம். அங்கேயும் எடுபடுவது தீர்மான நகல், ரசீது, தகவல் சட்டத்தில் வந்த பதில் என்று கையில் இருக்கும் தாள்தான்.

எங்கள் ஊரில் அடுத்த மே 1 கூட்டத்துக்கு ஏழெட்டுப் பேர் சேர்ந்து போனோம். பழைய தீர்மான நகலை எடுத்துப் போயிருந்தோம். நோட்டு வந்தபோது, தீர்மானத்தை வாசித்த பிறகு கையெழுத்துப் போடுகிறோம் என்று சொன்னோம். கொஞ்சம் சலசலப்பு ஆனது. பின்வரிசையிலிருந்த பெண்கள் "வாசிக்கட்டும், நாங்களும் கேக்கிறோம்" என்றார்கள். கூட்டம் அரை மணி நேரம் கூடுதலாக நடந்தது. சாக்கடை எட்டாவது தீர்மானமாக ஏறியது, தெருப் பெயரோடு. அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டேன்.