டிபிரைட்மென்ட் – நசிவுத்திசு களைதல்

மார்பகத்தில் வரும் சீழ்க்கட்டிக்குப் பெரும்பாலும் ஊசியால் சீழை உறிஞ்சி எடுப்பதோ, சிறிதாகக் கீறி வடியவிடுவதோ போதும். ஆனால் கிருமித்தொற்று தோலடித் திசுப்படலத்தின் வழியே பரவி, அப்பகுதியின் இரத்த நாளங்கள் உறைந்து, சதை உயிரற்றுப்போகும் நசிவுத் திசுப்படல அழற்சியாக மாறிவிட்டால், மருத்துவர் நோயாளியின் கோப்பில் எழுதும் சொல் டிபிரைட்மென்ட்.

பிரெஞ்சு மொழியில் 'பிரீட்' என்பது குதிரையின் கடிவாளம்; 'தெபிரிடே' என்பது அதைக் கழற்றுதல். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாரிஸ் ஓத்தெல் தியூ மருத்துவமனையில் பணியாற்றிய பியேர் ஜோசப் தெசோ இச்சொல்லை அறுவை மருத்துவத்தில் வழங்கியவராகக் கருதப்படுகிறார். அன்று அதன் பொருள், காயத்தை இறுக்கிப் பிடித்திருக்கும் திசுவை வெட்டித் தளர்த்துவது என்பதே. முதல் உலகப்போரில் பெல்ஜிய மருத்துவர் அந்துவான் தெபாஜ் போன்றோர் சிதைந்த சதையை முழுவதும் வெட்டியெடுக்கும் முறையை வலியுறுத்தினர். இன்று இச்சொல் குறிப்பது அந்தப் பொருளையே.

தமிழில் இதைப் 'புண்ணைச் சுத்தம் செய்தல்' என்று சொல்லிவிடுவது வழக்கம். எனக்கு அது போதுமானதாகப் படவில்லை. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் உறவினர், மருந்து வைத்துக் கட்டுவதைத்தான் சொல்கிறார்கள் என்று எண்ணிக்கொள்வார். 'நசிவுத்திசு களைதல்' என்றால் செயலும் அதன் இலக்கும் ஒருசேர விளங்கும். பேச்சில் 'செத்த சதையை வெட்டி எடுக்க வேண்டும்' என்பதே நேர்மையான சொல்.

மார்பகத்தில் நசிவுத் திசுப்படல அழற்சி அரிது. ஆனால் வந்தால், தடித்த கொழுப்பு அடியிலுள்ள கேட்டை மறைப்பதால், தோலில் சிவப்பும் வீக்கமும் மட்டுமே தெரிய, பாலூட்டும் காலத்து மார்பக அழற்சியென்றே முதலில் தோன்றக்கூடும். வெளியே தெரிவதற்குப் பொருந்தாத கடும் வலியும், சர்க்கரை நோயும், தொட்டால் நறநறக்கும் தோலும் ஐயத்தைக் கிளப்ப வேண்டிய அடையாளங்கள். நசிந்த திசுவுக்குள் இரத்த ஓட்டம் இல்லாததால் ஆன்டிபயாட்டிக் மருந்து அங்கே போய்ச் சேராது. ஸ்கேனுக்காகக் காத்திருந்து அறுவையைத் தள்ளிப்போடுவது உயிருக்கே ஆபத்து. திறந்து பார்க்கும்போது பாத்திரம் கழுவிய நீர்போலச் சாம்பல் நிறத் திரவம் கசிவதும், வெட்டிய இடத்தில் இரத்தம் வராததும், விரலால் தள்ளினாலே படலம் எதிர்ப்பின்றிப் பிரிவதும் நோயை உறுதிசெய்யும். இரத்தம் கசியும் நல்ல திசு தென்படும்வரை வெட்டி எடுப்பார்கள். ஒரு நாளுக்குள் மீண்டும் அறுவை அரங்குக்குக் கொண்டுசென்று பார்ப்பதும், தேவைப்பட்டால் மார்பகத்தையே அகற்றுவதும் உண்டு. புண் ஆறத் தொடங்கியபின் தோல் ஒட்டு வைக்கப்படும்.