கன்னக்களவு: பூட்டு உடையாமலும் நடக்கும்

பாபநாசம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். பொங்கலுக்கு மகள் வீட்டுக்குப் போய்த் திரும்பினால் பீரோவில் ஏழு பவுன் இல்லை. பூட்டு எதுவும் உடையவில்லை. கொல்லைக்கதவுச் சாவியை நிலைக்கு மேலே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். "நானே சாவிய வச்சுட்டுப் போனேன், கேஸ் நிக்குமா வக்கீல் சார்?" என்றார். அவர் கொடுத்த புகாரில் 'நகை காணவில்லை' என்று மட்டும் இருந்தது. நகை தானாகத் தொலைந்ததுபோல!

இது கன்னக்களவு என்றேன். "கன்னத்துக்கும் களவுக்கும் என்ன சார் சம்பந்தம்?" என்றார் புது ஜூனியர். முகத்துக் கன்னம் இல்லை. திருடன் சுவரில் போடும் துளைக்குக் கன்னம் என்று பெயர், துளைக்கும் கருவி கன்னக்கோல். மண்சுவர் வீட்டில் ஈரம் ஊறிய கொல்லைச் சுவரை அகழ்வதற்கு அதிக நேரமா ஆகும்? 1860-ம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டம் வீட்டை உடைத்து நுழைவதற்குச் சொன்ன உதாரணங்களில் ஒன்றும், சுவரில் துளை போட்டுக் கையை விடுவதுதான்.

இப்போது சுவரெல்லாம் சிமெண்ட், சொல் மட்டும் காவல் நிலையத்தில் தங்கிவிட்டது. ஆனால் சட்டம் துளையோடு நிற்கவில்லை. அத்துமீறி நுழைவதற்காகப் பூட்டைத் திறந்தாலே போதும். தொலைந்த சாவியைக் கண்டெடுத்துத் திறந்தாலும் அதே குற்றம்தான். 2024 ஜூலை 1 முதல் இது, அந்தப் பழைய சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 330-வது பிரிவு, தண்டனை 331-ல். திருடுவதற்காகப் பகலில் இப்படி நுழைந்தால் 10 ஆண்டு வரை, சூரியன் மறைந்து உதிப்பதற்குள் என்றால் 14 ஆண்டு வரை. அதனால், வீட்டை எப்போது பூட்டினீர்கள், கடைசியாக யார் பார்த்தார்கள், எந்தக் கதவு வழியாக வந்திருக்கிறார்கள் என்பதெல்லாம் புகாரில் வேண்டும்.

இன்சூரன்ஸ் கதை வேறு. பல பாலிசிகள், பலவந்தமாக நுழைந்த தடயம் இருந்தால்தான் பணம் என்கின்றன. களவு என்ற சொல்லுக்குப் பாலிசியில் எழுதியிருக்கும் அர்த்தம்தான் செல்லும் என்று உச்ச நீதிமன்றமும் 2004-ல் சொல்லிவிட்டது. வாங்கும்போதே அந்த வரியைப் படித்துவிடுங்கள்.

சரி, அந்த அம்மாவுக்குக் கூடுதல் வாக்குமூலம் எழுதினோம். "சாவி வச்ச இடத்த எழுதணுமா? என் மேலயே பழி வராதா?" என்று இழுத்தார். அந்த இடம் வேறு யாருக்கெல்லாம் தெரியும் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் மூன்று பெயர் சொன்னார்.