விறகுக் கடையில் தண்ணீர் என்ன விலை?

போன வைகாசியில் வீட்டு விசேஷத்துக்கு விறகு வாங்க வெள்ளகோவில் பக்கம் ஒரு கடைக்குப் போயிருந்தேன். சமையல் மாஸ்டர் முன்னமே சொல்லி அனுப்பியிருந்தார்: "ஊஞ்ச வெறகு வாங்குங்க, இல்லீன்னா வேலா. வேற எது வந்தாலும் அடுப்புல வெக்க மாட்டனுங்க."

கடையில் மூன்று குவியல் கிடந்தது. ஊஞ்சல் என்கிற உசிலை மரத்துக் கட்டைக்கு விலை அதிகம். வேலிக்காத்தான் என்று நாம் சொல்லும் சீமைக்கருவேலம் கொஞ்சம் குறைவு. வேம்பு, வாகை, புங்கன் என்று கைக்குக் கிடைத்ததெல்லாம் சேர்ந்த கலப்பு விறகு எல்லாவற்றிலும் மலிவு. மூன்றையும் எடை போட்டுத்தான் விற்கிறார்கள். "ஏனுங்க, கிலோன்னா கிலோதானுங்களே, மரத்துக்கு மரம் எதுக்கு வெல மாறுது?" என்றேன். கடைக்காரர் சிரித்தார். "கலப்புல பாதி தண்ணிதானுங்க. நேத்து வெட்டுனது."

அவர் பேச்சுவாக்கில் சொன்னதுதான் விறகு விலையின் முக்கால்வாசிக் கணக்கு.

முதலில் மரத்தைப் பார்ப்போம். எந்த மரமானாலும் ஈரத்தை முழுசாக எடுத்துவிட்டால் எடையில் பாதி கார்பன், நாற்பது சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜன், ஆறு சதவீதம் போல ஹைட்ரஜன். நாரான செல்லுலோஸும் அதை ஒட்டிப் பிடிக்கும் பசை போன்ற லிக்னினும் கலந்திருக்கும் விகிதம் மரத்துக்கு மரம் கொஞ்சம் மாறும். லிக்னின் கூடினால் வெப்பமும் சற்றுக் கூடும். ஆனாலும் அந்த வித்தியாசம் பெரிதில்லை. துளி ஈரமில்லாத ஒரு கிலோ விறகிலிருந்து ஏறக்குறைய 4,400 கிலோ கலோரி எடுக்கலாம். (ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்கத் தேவைப்படுவது ஒரு கிலோ கலோரி.) ஊஞ்சலும் முருங்கையும் இந்த விஷயத்தில் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்றால் எங்கள் மாஸ்டர் சண்டைக்கு வருவார்.

அப்படியானால் வேலங்கட்டை கனப்பதும் முருங்கை லேசாக இருப்பதும் எதனால்? மரத்தின் செல் சுவர் எல்லா மரத்திலும் ஒரே பொருள்தான். அதன் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 1.5 கிராம். மாறுவது உள்ளே இருக்கும் பொந்துகள். இலவம், முருங்கையில் சுவர் மெலிசு, பொந்து பெரிசு. வைரம் பாய்ந்த வேலமரத்தில் சுவர் தடிப்பு, பொந்து சின்னது. கட்டைகளுக்கு நடுவே இடைவெளியில்லாமல் ஒரே கட்டையாக ஒரு கன மீட்டரை நிறுத்தால் காய்ந்த இலவம் 300 கிலோ போல வரும். வேம்பு 700, கருவேலம் 800, புளி 900 கிலோவை ஒட்டி வரும். ஊறி ஊறிப் பொந்தெல்லாம் தண்ணீர் நிரம்பிவிட்டால் எந்தக் கட்டையும் கிணற்றுக்குள் மூழ்கிவிடுவதும் இந்த 1.5-ஆல்தான் (தண்ணீருக்கு அது 1).

சரி, கடைக்காரர் சொன்ன தண்ணீருக்கு வருவோம். வெட்டிய அன்றைக்குக் கலப்பு விறகின் எடையில் 45 சதவீதம் ஈரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோவில் மரம் 550 கிராம்தான். அதிலிருந்து 2,420 கிலோ கலோரி வரும். மீதி 450 கிராம் தண்ணீர் எரியாது என்பதோடு விட்டால் பரவாயில்லை, அது எரிவதிலும் பங்கு கேட்கும். அறைச் சூட்டில் இருக்கும் ஒரு கிலோ தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்க 610 கிலோ கலோரி போல வேண்டும். 450 கிராமுக்கு 275 போய்விடும். கையில் மிஞ்சுவது சுமார் 2,150.

அதே விறகு 15 சதவீத ஈரத்துக்குக் காய்ந்திருந்தால்? மரம் 850 கிராம், வெப்பம் 3,740. ஆவிக்குப் போவது 90 சொச்சம். மிஞ்சுவது 3,650. ஒரே மரம், ஒரே ஒரு கிலோ; காய்ந்ததில் ஒன்றே முக்கால் பங்கு சூடு.

இதைக் காசாக்கிப் பார்த்தால்தான் சுவாரசியம். பச்சை விறகு டன் 4,000 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அதே சூட்டுக்கு அதே காசு என்று பார்த்தால், வாங்குகிறவர் காய்ந்த விறகுக்கு டன் 6,790 ரூபாய் வரை தாராளமாகக் கொடுக்கலாம். இப்போது விற்கிறவர் பக்கம் போய் நின்று பாருங்கள். 4,000 ரூபாய்க்கு வாங்கிய ஒரு டன் பச்சை விறகு 15 சதவீதத்துக்குக் காயும்போது 647 கிலோவாகச் சுருங்கிவிடும். போட்ட முதலை எடுக்க அவர் டன்னுக்கு 6,180 ரூபாய் வாங்கியாக வேண்டும். 6,180-க்கும் 6,790-க்கும் நடுவில் 610 ரூபாய் நிற்கிறது. அது எங்கிருந்து வந்தது? அடுப்பு செய்ய வேண்டிய ஆவியாக்கும் வேலையை வெயில் இலவசமாகச் செய்துவிட்டது. அந்தக் கூலிதான் அது. அதற்குள்தான் கடைக்காரர் இட வாடகை, அடுக்கும் ஆள் கூலி, ஆறு மாசம் முடங்கிய பணத்துக்கு வட்டி எல்லாம் பார்த்துக்கொள்ள வேண்டும். பச்சையாகவே தள்ளிவிடப் பல கடைக்காரர்கள் ஏன் நினைக்கிறார்கள் என்பது எனக்கு இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் புரிந்தது. எடைமேடைக்குப் போகும் முன் லோடின் மேல் தண்ணீர் அடிப்பவர்களைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. தூர்க்கட்டையோடு ஒட்டிவரும் செம்மண்ணும் எடைதான், அதுவும் விறகு விலைக்கே போகும்.

உண்மையில் பச்சை விறகு இந்தக் கணக்கு காட்டுவதைவிட மோசம். விறகு எரிவதாக நாம் பார்ப்பதில் பெரும்பகுதி கட்டை எரிவதே இல்லை. சூடு 200 டிகிரியைத் தாண்டியதும் மரம் உடைந்து வாயுவாக வெளியேறத் தொடங்குகிறது. காய்ந்த மரத்தின் எடையில் ஐந்தில் நான்கு பங்கு அப்படித்தான் போகும். அந்த வாயு காற்றோடு சேர்ந்து எரிவதுதான் சுவாலை. ஈரமுள்ள கட்டையில் தண்ணீர் வெளியேறும்வரை சூடு 100 டிகிரியைச் சுற்றியே தவங்கிக் கிடக்கும். வாயு கொஞ்சம் கொஞ்சமாக வரும், பற்றும் அளவு சூடு இருக்காது, எரியாமலே புகையாகப் போய்விடும். கண்ணை எரிக்கும் அந்தப் புகை நீங்கள் காசு கொடுத்து வாங்கிய எரிபொருள்.

வாயு போனபின் மிஞ்சும் ஐந்தில் ஒரு பங்குதான் கரி. மொத்தச் சூட்டில் மூன்றில் ஒரு பங்கு போல அதற்குள் இருக்கிறது. மாஸ்டரின் பிடிவாதத்துக்குக் காரணம் இந்தக் கரிதான். அடர்த்தியான மரம் அடர்த்தியான கரியைத் தரும். ஊஞ்சல், வேலம், புளி எரிந்து முடிந்ததும் கெட்டியான கங்கு கிடக்கும். அது மேற்பரப்பில் மட்டும் மெல்ல எரிந்து, சாம்பல் போர்த்திக்கொண்டு, மணிக்கணக்கில் ஒரே சீராகச் சூடு கொடுக்கும். பிரியாணியைத் தம் போட அதுதான் வேண்டும். முருங்கைக் கங்கு கைபட்டாலே உதிரும். "பஞ்சாட்டம் போயிருமுங்க" என்று மாஸ்டர் சொன்னது இதைத்தான். அடுப்புவாயில் ஒரு தடவைக்கு இவ்வளவு கட்டைதான் நுழையும் என்பதும் இருக்கிறது. லேசான விறகென்றால் ஓர் ஆள் அடுப்பைவிட்டு நகராமல் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த ஆள் சம்பளமும் விறகு விலையில் ஒளிந்திருக்கிறது.

அடர்த்தியான கட்டைக்கு இன்னொரு சாதகம் உண்டு. பொந்து குறைவாக இருப்பதால் பச்சையிலேயே அதில் தண்ணீர் தங்க இடம் குறைவு. மர வகை கேட்டு வாங்குகிறவர்கள் தெரிந்தோ தெரியாமலோ குறைந்த ஈரத்தைத்தான் வாங்குகிறார்கள்.

எடையை விட்டுவிட்டு டிராக்டர் லோடாக வாங்கினால் கதை தலைகீழ். அங்கே மர வகைதான் எல்லாம். ஈரம் பின்னுக்குப் போய்விடும். ஒரே பெட்டியில் வேலம் ஏற்றினால் வாகையைவிடக் கூடுதல் மரம் வரும். ஆனால் வேலிக்காத்தானை நம்பக் கூடாது. கட்டை கனமானதுதான், ஆனால் கோணல் மாணல். நேராகப் பிளந்து நெருக்கி அடுக்கிய விறகிலேயே மூன்றில் ஒரு பங்கு வெறும் காற்று என்றால், முறுக்கிக்கொண்ட கிளைகளை அள்ளிப் போட்ட லோடில் பாதிக்கு மேல் காற்று. வேலிக்காத்தானை எடையிலும் சவுக்கைக் கட்டுக் கணக்கிலும் வாங்கினால் நஷ்டம் வராது என்பது என் கட்சி. சவுக்குக்கும் தைலமரத்துக்கும் விலையை விறகுக் கடை மட்டும் முடிவு செய்வதில்லை என்பது வேறு விஷயம். கரூர்ப் பக்கம் காகிதபுரத்தில் இருக்கும் காகித ஆலை கூழுக்காக இரண்டையும் வாங்குகிறது. நேரான நல்ல கட்டை அங்கே போய்விடும், கழிந்த கொண்டையும் கிளையும் அடுப்புக்கு வரும்.

திருப்பூர்ச் சாயப்பட்டறை பாய்லர்களின் தேவை வேறு. அவர்களுக்குக் கங்கு முக்கியமில்லை, நீராவி நிற்காமல் வர வேண்டும். அதனால் மரத்தின் பேரைவிட ஈரம்தான் அங்கே பேச்சு. இரண்டு ஊசியைக் கட்டையில் குத்திப் பார்க்கும் ஈரமானி ஒன்று இருக்கிறது. ஈரமான மரத்தில் மின்சாரம் சுலபமாக ஓடும், காய்ந்ததில் தடுமாறும். அந்தத் தடையை அளந்து எண்ணாகக் காட்டும். அந்த எண்ணில் ஒரு சூது இருக்கிறது, கவனம். பல கருவிகள் தண்ணீரை மொத்த எடையோடு ஒப்பிடாமல் காய்ந்த மரத்தின் எடையோடு ஒப்பிடும். 450 கிராம் தண்ணீரும் 550 கிராம் மரமும் உள்ள கட்டை அந்தக் கணக்கில் 82 சதவீதம். எந்தக் கணக்கு என்று கேட்காமல் பேரம் பேசினால் இரண்டு பேரும் வேறு வேறு மொழியில் சண்டை போடுவார்கள். அதோடு, 30 சதவீதத்துக்கு மேல் இந்தக் கருவியின் பேச்சை நம்ப முடியாது. ஊசி இறங்கும் இடத்தைத்தான் அது அளக்கும் என்பதால், பழைய கட்டையைப் புதிதாகப் பிளந்து உள்முகத்தில் குத்த வேண்டும்.

கருவி இல்லாவிட்டால் காது போதும். இரண்டு கட்டையை மோதினால் காய்ந்தது "டங்" என்று கணீரென்று கேட்கும், பச்சை "தொப்" என்னும். காய்ந்த கட்டையின் வெட்டுவாயில் நடுவிலிருந்து வெடிப்பு ஓடியிருக்கும், பட்டை தானாகக் கழன்று வரும்.

விறகைக் காயப்போட நம்ம ஊரைப் போல ஊர் கிடைப்பது அபூர்வம். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் இருக்கிறோம். தென்மேற்குப் பருவத்தில் மலைக்கு அந்தப்பக்கம் கொட்டித் தீர்த்துவிட்டு, பாலக்காட்டுக் கணவாய் வழியாக இந்தப்பக்கம் வருவது பெரும்பாலும் காற்றுதான். உடுமலையிலும் பல்லடத்திலும் காற்றாலைகளைச் சுழற்றுவது அதுவே. தை, மாசியில் வெட்டிப் பிளந்து போட்ட விறகுக்குச் சித்திரை வெயிலும் கிடைக்கும், ஆடிக்காற்றும் கிடைக்கும். பிளப்பது முக்கியம்: மரத்துக்குள் தண்ணீர் ஓடுவது நீளவாக்கில், வெட்டுவாய் வழியாக, பட்டை அதைப் பக்கவாட்டில் அடைத்து வைத்திருக்கும். முழு உருட்டுக்கட்டை ஒரு வருஷம் கிடந்தாலும் நடுவில் ஈரம் இருக்கும்.

ஐப்பசி மழைக்கு முன் மேலே மட்டும் தகரமோ தார்ப்பாயோ போட்டு, பக்கங்களைக் காற்றுக்குத் திறந்துவிட வேண்டும். சுற்றிலும் மூடிக் கட்டினால் உள்ளே வியர்த்துப் பூசணம் பூக்கும். என் அம்மிச்சி வீட்டில் அடுப்புக்கு நேர் மேலே ஒரு பரண் இருந்தது. நாளைக்கு எரிக்க வேண்டிய விறகு இன்றைக்கே அங்கே ஏறிவிடும். கூரை வழியே வீணாகப் போகிற சூட்டிலேயே அது காயும். மழை ஓயாத நாளிலும் அந்த வீட்டில் அடுப்பூதும் குழலுக்கு வேலை அதிகம் இருந்ததில்லை.