வேகக் கமரா கடிதம் கைக்கு வராவிட்டால்

பிரித்தானியாவில் வேகக் கமராவில் மாட்டிக்கொண்டு என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் எடுத்த எடுப்பில் கேட்பது இதுதான்: "பதினாலு நாள் கழிச்சுத்தான் கடிதம் வந்தது. கேஸ் செல்லாதுதானே?" நான் திருப்பிக் கேட்பேன்: "கார் யாற்றை பேரிலை இருக்கு?"

1988ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்துக் குற்றவாளிகள் சட்டத்தில் உள்ள 14 நாள், பொதுவாகக் காரின் பதிவு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குப் போகும் முதல் கடிதத்துக்கான கணக்கு. லீசிங் கம்பனியின் பெயரிலோ வேலையிடத்தின் பெயரிலோ கார் இருந்தால் அந்தக் கடிதம் அங்கேதான் போகும். அவர்கள் உங்கள் பெயரைக் கொடுத்த பிறகே பொலிஸ் உங்களுக்கு எழுதும். அது பிந்தி வந்தாலும் செல்லும். விபத்து நடந்திருந்தாலோ, பொலிஸ் வீதியிலேயே மறித்து எச்சரித்திருந்தாலோ இந்த 14 நாள் கணக்கே எழாது.

அந்த உறைக்குள் இன்னொரு கேள்வியும் இருக்கும்: அப்போது ஓட்டியது யார்? 28 நாட்களுக்குள் பதில் அனுப்ப வேண்டும். பலர் பயத்தில் அதை மேசையில் போட்டுவிடுகிறார்கள். சாதாரண வேக மீறலுக்கு 100 பவுண்ட்ஸ் தண்டமும், லைசென்ஸில் ஏறும் 3 பொயின்ட்ஸும் (தண்டனைப் புள்ளிகள்). சிலருக்குப் பொயின்ட்ஸே இல்லாமல், வேகம் பற்றிய விழிப்புணர்வு வகுப்போடு முடிந்துவிடும். பதில் போடாமல் விட்டால் 6 பொயின்ட்ஸ், ஆயிரம் பவுண்ட்ஸ் வரை தண்டம். லைசென்ஸ் எடுத்து இரண்டு வருடம் ஆகாத பிள்ளைகளுக்கு 6 பொயின்ட்ஸ் என்றால் லைசென்ஸே போய்விடும். திரும்பத் தியரிப் பரீட்சையிலிருந்து தொடங்க வேண்டும். மகனுக்காக அப்பா "நான்தான் ஓட்டினேன்" என்று எழுதிக் கொடுப்பதும் நடக்கிறது. அது சிறைக்குக் கொண்டுபோகிற குற்றம். தயவுசெய்து வேண்டாம்.

வீடு மாறியவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். லைசென்ஸில் முகவரி மாற்றினால் காரின் பதிவுப் பத்திரமான லொக் புக்கில் தானாக மாறாது. இரண்டும் தனித்தனி, இரண்டுக்கும் காசு இல்லை. லொக் புக்கில் பழைய முகவரி கிடந்தால் கடிதங்கள் எல்லாம் அங்கேயே போய்க் குவியும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இத்தகைய வழக்கை நீங்கள் வராமலே ஒரு மஜிஸ்ட்ரேட் கடதாசியைப் பார்த்து முடித்துவிடலாம். இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போதுதான் சிலருக்கு விஷயமே தெரியவருகிறது.

அப்படித் தெரியவந்தால், தெரிந்த நாளிலிருந்து 21 நாட்களுக்குள், வழக்கு நடந்தது எனக்குத் தெரியாது என்று சத்தியப் பிரகடனம் கொடுக்கலாம். தீர்ப்பு இரத்தாகி வழக்கு மறுபடி தொடங்கும். வீடு மாறிய திகதியைக் காட்ட வாடகை ஒப்பந்தமோ கவுன்சில் டாக்ஸ் பில்லோ கொண்டு வாருங்கள். பழைய வீட்டில் இப்போது இருப்பவரிடம் கேட்டு, அங்கே வந்த கடிதங்களை உறையோடு வாங்கி வந்தால் இன்னும் நல்லது.