வெடிப்பியல் அன்று, எறியியல்

பாளையங்கோட்டைப் பள்ளி ஒன்றின் அறிவியல் கண்காட்சியில், துப்பாக்கிக் குழலின் குறுக்குவெட்டுத் தோற்றத்தை அட்டையில் அழகாக வரைந்து, மேலே ‘வெடிப்பியல்’ என்று பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தாள் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி. படத்தில் பிழையில்லை, தலைப்புத்தான் பிழை. அதற்கு அவளைக் குறை சொல்ல முடியாது. துப்பாக்கிக் குண்டு போன்றவை பாயும் விதத்தை ஆராயும் பாலிஸ்டிக்ஸ் என்னும் துறைக்கு இந்தப் பெயரை மேடையிலும் செய்தியிலும் பெரியவர்களே சொல்லக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது.

மூலச்சொல்லில் வெடி இல்லை. கிரேக்க மொழியில் ‘பல்லைன்’ என்றால் எறிதல். அதிலிருந்து வந்த ‘பலிஸ்தா’ என்பது முறுக்கிய கயிற்றின் விசையால் கல்லும் ஈட்டியும் எறிந்த உரோமானியப் போர்ப்பொறி. மதுரை மதிலில் இருந்த பொறிகளை அடுக்கும் சிலப்பதிகாரம் ‘கல்லுமிழ் கவண்’ என்கிறதே, ஏறத்தாழ அந்த இனம். வெடிமருந்து அறியப்படுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே எறிதல் இருந்தது. ஆகவே எறியியல் என்பதே நேரான சொல். குழலுக்குள் நடப்பதை அக எறியியல் என்றும், குழல்வாயைக் கடந்தபின் நடப்பதைப் புற எறியியல் என்றும் பிரித்துக்கொள்ளலாம்.

‘குழலுக்குள் வெடிப்பதால்தானே குண்டு பாய்கிறது, வெடிப்பியல் என்றால் என்ன குற்றம்?’ என்று கேட்பவர்கள் உண்டு. குற்றம் அங்கேதான் இருக்கிறது. தோட்டாவின் அடியிலுள்ள தீமூட்டி பற்றியதும், உள்ளிருக்கும் மருந்துத் துகள்கள் மேற்பரப்பிலிருந்து உள்நோக்கி எரிகின்றன. மிக விரைவாக எரிகின்றன. ஆனாலும் அது எரிதலே. அதில் பிறக்கும் வெப்பமான வாயு இடம் போதாமல் விரியப் பார்க்கிறது. விலகக்கூடியது குண்டு ஒன்றே என்பதால் அதைத் தள்ளிக்கொண்டு போகிறது. இக்கால ரைஃபிளில் அழுத்தம் வளிமண்டலத்தைப் போல் 3,000 மடங்குக்கும் மேல் ஏறி, குண்டு முன்னேற முன்னேற இறங்குகிறது. ஓரிரு மில்லிநொடிக்குள் குண்டு வெளியேறிவிடுகிறது. துகளின் பருமனையும் வடிவத்தையும் மாற்றி, சிலவற்றில் துளையிட்டும்கூட, எரியும் வேகத்தை ஆள்வதுதான் இத்துறையின் கலை. டிஎன்டி போன்ற வெடிபொருளிலோ அதிர்ச்சி அலை நொடிக்கு 6 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் ஓடுகிறது. அதைக் குழலில் அடைத்தால் குண்டு பாயுமுன் குழலே சிதறிவிடும்.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது தெரிந்த செய்திதான். வெடியுப்பு, கரி, கந்தகம் சேர்த்த மருந்தைப் பனையோலையில் வைத்து எல்லாப் பக்கமும் இறுக மடித்தால் ஓலைவெடி, அது வெடிக்கும். அதே மருந்துக்கு ஒரு பக்கம் வழிவிட்டு, அவ்வழியில் ஒரு குண்டை வைத்தால் அது எறியும். வெடிப்பது கட்டினால் வருவது. தாமிரபரணிக் கரையில் நாங்கள் செய்த மூங்கில் துப்பாக்கியில் மருந்தே கிடையாது. ஒரு சாண் குழாயின் முனையில் நனைத்த காகித உருண்டையை அடைத்து, மறுமுனையிலிருந்து இன்னோர் உருண்டையைக் குச்சியால் தள்ளினால், நடுவில் அகப்பட்ட காற்று நெருங்கி, பின் விரிந்து, முன்னுருண்டையை எட்டடி தூரம் எறியும். ‘டப்’பென்ற ஓசை காற்று வெளியேறுவதன் விளைவு, எறிவதற்குக் காரணம் அதுவன்று. இதில் வெடிப்பு எங்கே இருக்கிறது?

இந்த விரிதலையே கணக்காக்கியவர் பெஞ்சமின் ராபின்ஸ். அவர் 1742-இல் வெளியிட்ட நூலில், மருந்து தரும் வாயுவின் தொடக்க அழுத்தத்தை வளிமண்டலத்தைப் போல் 1,000 மடங்கு என்று கொண்டு, வாயு விரிய விரிய அதன் அழுத்தம் குறையும் என்னும் பாயில் விதியால் குண்டின் வேகத்தைக் கணித்தார். தொங்கவிட்ட ஊசலில் குண்டைச் சுட்டு அதைச் சரிபார்த்தார். கிழக்கிந்தியக் கம்பெனியின் பொறியாளராகத் தமிழ்நாட்டுக்கு வந்த அவர், 1751-இல் கடலூரை அடுத்த புனித டேவிட் கோட்டையில் இறந்தார். இத்துறையின் மூலவர் நம் மண்ணில் வந்து அடங்கியிருக்க, அதன் பெயரை நாம் பிழையாக எழுதுவது எனக்குப் பெருங்குறையாகத் தோன்றுகிறது.

தமிழ் வழக்கும் வெடிப்பியலுக்கு இடம் கொடுக்கவில்லை. குண்டு வெடிக்கும், துப்பாக்கி சுடும். சுடுதலில் எரிதல் இருக்கிறது, உடைதல் இல்லை. ‘துப்பாக்கி வெடித்து ஒருவர் காயம்’ என்று நாளிதழ் எழுதும்போது, குழல் பிளந்ததா, தவறுதலாகச் சுட்டதா என்று நமக்கு விளங்குவதில்லை. மொழிபெயர்ப்பவர்கள் பொருளை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டுச் சொல்லைத் தேடினால் இந்தக் குழப்பம் நேராது. பீரங்கிக் குண்டை ‘எறிகணை’ என்று வழங்கிய ஈழத்தமிழர் சரியான வேரைப் பிடித்தார்கள்.

‘ஏவுகணையியல்’ என்போரும் உளர். ஏவுகணை தன் மருந்தைத் தன்னோடு சுமந்து எரித்துக்கொண்டே போவது. துப்பாக்கிக் குண்டு அப்படிப்பட்டதன்று. அதற்குமேல் அச்சொல்லைப் பற்றிப் பேச வேண்டியதில்லை.

இவற்றைச் சொல்லி முடித்ததும் அந்த மாணவி கேட்டாள்: “‘எரியியல்’னு வாசிச்சிர மாட்டாவளா சார்?”

நல்ல கேள்வி. பேச்சில் ரகரமும் றகரமும் நம்மிடையே ஒன்றாகிவிட்டன. எரிபொருளும் எறிபொருளும் ஒரே வாக்கியத்தில் வந்தால் கேட்பவர் திணறுவார். அதற்காக எறியியலைக் கைவிட வேண்டியதில்லை. எரிபொருள் என்பதை அந்த இடத்திலிருந்து விலக்கினால் போதும். நம் மாவட்டத்து மகேந்திரகிரியில் இஸ்ரோ உந்தும வளாகம் இருக்கிறது. ராக்கெட்டை உந்தும் பொருளுக்கு அங்கே வழங்கும் ‘உந்துமம்’ என்னும் சொல்லையே குழல் மருந்துக்கும் கொள்ளலாம்; அது எரிந்து தள்ளுவது என்னும் தொழிலையும் சொல்லிவிடுகிறது.

அவள் வெள்ளைத்தாளை நறுக்கித் தலைப்பின்மேல் ஒட்டி, ‘அக எறியியல்’ என்று எழுதினாள். படத்தில் ‘வெடிபொருள்’ என்றிருந்த இடத்தை அடித்து ‘உந்துமம்’ என்று திருத்தும்போது, றகரத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாக எழுதட்டுமா என்று கேட்டாள். எழுதச் சொன்னேன்.