நாய் ஏன் ஓயாமல் சொறிகிறது?

"சாப்பாட்டைப் பல தடவை மாற்றிப் பார்த்துவிட்டோம் டாக்டர், இன்னும் சொறிந்துகொண்டேதான் இருக்கிறது." அரிப்போடு வரும் நாயை மேசையில் ஏற்றுவதற்குள் இந்தப் பேச்சு வந்துவிடும். நாய் சொறிந்தால் சாப்பாடுதான் காரணம் என்று பலரும் முதலிலேயே முடிவு கட்டிவிடுகிறார்கள். உணவு ஒவ்வாமை உண்டுதான். ஆனால் தெள்ளுப்பூச்சியாலும், வீட்டுத் தூசியில் வாழும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணிகளாலும், மகரந்தத்தாலும் வரும் ஒவ்வாமைதான் அதைவிட அதிகம். இவை எல்லாமே வெளியில் பார்க்க ஒன்றுபோல இருக்கும். எது என்று ஒரே பரிசோதனையில் சொல்லிவிட முடியாது. ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போக வேண்டும், அதுவும் சரியான வரிசையில்.

மனிதர்களுக்கு அலர்ஜி என்றதும் தும்மலும் மூக்கொழுகலும் நினைவுக்கு வரும். நாய்க்குப் பெரும்பாலும் அது தோலில்தான் இறங்கும். சொறிவது மட்டுமே அரிப்பு இல்லை. பாதத்தை நக்குவது, முகத்தைத் தரையில் தேய்ப்பது, பின்பக்கத்தை இழுத்துக்கொண்டு நகர்வது, தலையை அடிக்கடி உதறுவது இவையும் அரிப்பாக இருக்கலாம். "பாதத்தை நக்குவது அதன் பழக்கம்" என்று விட்டுவிடுகிறவர்கள் ஏராளம். வெளிர் நிற நாயாக இருந்தால் முன்னங்காலைப் பிடித்து விரல்களை விரித்துப் பாருங்கள். இடையிலுள்ள முடி செம்பழுப்பாக மாறியிருந்தால் அது அழுக்கு இல்லை. எச்சிலில் இருக்கும் போர்ஃபைரின் என்ற நிறமி படிந்த கறை. அந்த நிறம் வர வேண்டுமென்றால் நாய் வாரக்கணக்கில் அங்கே நக்கியிருக்க வேண்டும்.

அரிப்பு எங்கே என்பது எனக்கு முக்கியமான தடயம். வாலின் அடிப்பகுதி, இடுப்பு, பின்தொடை என்றால் முதல் சந்தேகம் தெள்ளுப்பூச்சி. முகம், காது, பாதம், அக்குள், தொடை இடுக்கு என்றால் சுற்றுச்சூழல் ஒவ்வாமை (தூசிச் சிற்றுண்ணி, மகரந்தம் போன்றவற்றால் வருவது) அல்லது உணவு. காதின் விளிம்பிலும் முழங்கையிலும் செதில் செதிலாகத் தோல் தடித்து, வீட்டில் யாருக்காவது கையிலோ வயிற்றிலோ சிறு கொப்புளங்களும் வந்திருந்தால், அது ஒட்டுண்ணிச் சொறியாக இருக்கலாம். அது தொற்றக்கூடியது. அதற்கு அலர்ஜி மருந்து கொடுத்துக்கொண்டிருந்தால் நிலைமை மோசமாகத்தான் ஆகும்.

தெள்ளுப்பூச்சியிலிருந்து தொடங்குவோம். "எங்கள் நாய்க்கு ஒரு பூச்சிகூட இல்லை" என்பார்கள். பெரும்பாலும் அவர்கள் தேடியது உண்ணியை. உண்ணி ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், கண்ணில் பட்டுவிடும். தெள்ளு முடிக்குள் ஓடி மறையும். ஒவ்வாமை உள்ள நாய் கடித்துக் கடித்து அதைத் தின்றும் விடும். இங்கே பிரச்சினை தெள்ளின் எச்சில்தான். அதற்கு ஒவ்வாமை உள்ள நாய்க்குச் சில கடிகளே போதும், நாள்கணக்கில் சொறியும். வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம்: வெள்ளைக் காகிதத்தின் மேல் நாயை நிறுத்தி இடுப்புப் பகுதியைச் சீவுங்கள். மிளகுத் தூள் போலக் கருப்பாக உதிர்வதை ஈரப்படுத்திப் பாருங்கள். செம்பழுப்பாகக் கசிந்தால் அது தெள்ளின் கழிவு, அதாவது செரித்த இரத்தம்.

நாயின் மேல் இருக்கும் வளர்ந்த தெள்ளுகள் மொத்தத்தில் சிறு பங்குதான். மீதியெல்லாம் முட்டையாக, புழுவாக, கூட்டுப்புழுவாகப் படுக்கையிலும் தரை விரிப்பிலும் இருக்கும். கூட்டுக்குள் இருக்கும் புழு மாதக்கணக்கில் காத்திருக்கும், மருந்துக்கும் எளிதில் சாகாது. அதனால்தான் ஒரு மாதம் மருந்து போட்டுவிட்டு நிறுத்தினால் பலனில்லை. குறைந்தது 3 மாதம், வீட்டிலுள்ள எல்லா நாய், பூனைகளுக்கும் சேர்த்துப் போட வேண்டும். ஒரு எச்சரிக்கை: நாய்களுக்கான பெர்மெத்ரின் மருந்து பூனையின் உயிரையே பறிக்கலாம். பூனைக்குத் தனி மருந்துதான்.

அடுத்தது தோலில் ஏற்கெனவே வந்துவிட்ட தொற்று. ஒவ்வாமையால் தோலின் பாதுகாப்பு குலைந்ததும் அங்கே எப்போதும் குடியிருக்கும் பாக்டீரியாவும் ஈஸ்ட் என்ற பூஞ்சையும் பெருகிவிடும். புளித்த வாடை, எண்ணெய்ப் பிசுக்கு, கருத்துத் தடித்த தோல் இதெல்லாம் பெரும்பாலும் ஈஸ்ட்டின் வேலை. தோலில் ஒரு ஒட்டுநாடாவை ஒட்டி எடுத்து, சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். தொற்றும் தன் பங்குக்கு அரிக்கும். அதை முதலில் ஆற்றாமல் விட்டால் வேறு எந்த மருந்து வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று யாராலும் சொல்ல முடியாது. திரும்பத் திரும்பச் சீழ் பிடிக்கும் காதும் இதே கதைதான். சொட்டு மருந்தில் ஆறும், கொஞ்ச நாளில் மறுபடி வரும். அந்த நாய்க்குக் காதில் மட்டும்தான் நோய் என்று நான் நினைப்பதில்லை.

இதற்கெல்லாம் அப்புறம்தான் உணவு. இரத்தம், எச்சில், முடி இவற்றை அனுப்பினால் எந்த உணவு ஆகாது என்று பட்டியல் தருகிறோம் என்கிற பரிசோதனைகளை நான் பரிந்துரைப்பதில்லை. நாய்களின் உணவு ஒவ்வாமையைக் கண்டுபிடிக்க அவற்றை நம்ப முடியாது. நம்பகமான வழி ஒன்றுதான்: நாய் இதுவரை சாப்பிடாத ஒரே ஒரு புரதம், அல்லது புரதத்தை நுண்துண்டுகளாக உடைத்துத் தயாரிக்கும் சிறப்பு உணவு. 8 வாரம், வேறு எதுவும் கிடையாது. ஒரு பிஸ்கட் கிடையாது, பால் கிடையாது, மேசைக்கடியில் குழந்தை நழுவவிடும் துண்டு கிடையாது. சுவையூட்டிய பூச்சி மாத்திரையும் நாய்களுக்கான பற்பசையும்கூடக் கணக்கில் வரும். ஒரு நிறுவனத்தின் உணவிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது இதில் சேராது. இரண்டிலும் அதே கோழிதான் இருக்கும்.

8 வாரத்தில் அரிப்பு குறைந்துவிட்டால் பழைய உணவை மறுபடி கொடுத்துப் பார்க்கச் சொல்வேன். இங்கேதான் பலர் மறுப்பார்கள், "நன்றாகிவிட்டதே, எதற்கு வம்பு?" என்று. ஆனால் இந்தப் படி இல்லாமல் முடிவு சொல்ல முடியாது. பருவம் மாறி மகரந்தம் குறைந்ததால்கூட நாய் தேறியிருக்கலாம். உண்மையில் உணவுதான் காரணமென்றால் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் அரிப்பு திரும்பிவிடும். அதிகம் சிக்குபவை மாட்டிறைச்சி, பால் பொருட்கள், கோழி, கோதுமை. தானியம் இல்லாத உணவு என்ற விளம்பரத்தைப் பார்த்து மாறுகிறவர்கள் இந்தப் பட்டியலில் முன்னால் நிற்பது இறைச்சி என்பதைக் கவனிக்க வேண்டும். "இத்தனை வருஷமாக இதைத்தானே சாப்பிடுகிறது" என்பதும் வாதமில்லை. சாப்பிட்டுப் பழகிய உணவுக்குத்தான் ஒவ்வாமை வரும்.

இவ்வளவும் கழிந்த பிறகும் சொறிகிறதா? அப்போதுதான் அது சுற்றுச்சூழல் ஒவ்வாமை. பெரும்பாலும் 6 மாதத்திலிருந்து 3 வயதுக்குள் தொடங்கும். பரம்பரையும் உண்டு. லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், பிரெஞ்சு புல்டாக், பாக்ஸர் போன்ற இனங்களில் அதிகம் பார்க்கிறோம். இது முற்றிலும் குணமாகிற நோய் இல்லை, கட்டுக்குள் வைக்கிற நோய். இதை முதல் நாளே சொல்லிவிடுவேன். சொல்லாவிட்டால் மருத்துவரை மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

மருந்துகளில் ஸ்டீராய்டு வேகமானது, மலிவானது, குறுகிய காலத்துக்கு நல்லது. நீண்ட நாள் ஓடினால் தண்ணீர் நிறையக் குடிக்கும், அடிக்கடி சிறுநீர் கழிக்கும், எடை கூடும், தோல் மெலியும், தொற்று எளிதாக வரும். பல நாள் கொடுத்த ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. இப்போது அரிப்பு சமிக்ஞையையே தடுக்கும் ஒக்லாசிடினிப் மாத்திரையும், லோகிவெட்மாப் ஊசியும் இருக்கின்றன. நோய் எதிர்ப்பு வேகத்தைத் தணிக்கும் சைக்ளோஸ்போரின் வேலை செய்யச் சில வாரம் எடுக்கும். செட்டிரிசின் போன்ற அலர்ஜி மாத்திரைகள் மனிதர்களுக்கு உதவும் அளவுக்கு நாய்களுக்கு உதவுவதில்லை. வீட்டிலிருக்கும் மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுப்பது ஆபத்தும்கூட. சூடோஎஃபெட்ரின் கலந்த சளி மாத்திரை நாயைக் கொன்றுவிடலாம். சோரியாசிஸ் என்ற தோல் நோய்க்குத் தரும் கால்சிபோட்ரையால் களிம்பை நக்கிவிட்டாலும் அதே கதி. ஒவ்வாமையின் வேரையே மாற்ற முயலும் ஒரே சிகிச்சை, பரிசோதனையில் தெரிந்த ஒவ்வாமைப் பொருளைச் சிறுகச் சிறுக உடலுக்குப் பழக்கும் ஊசி அல்லது சொட்டு. எல்லா நாய்க்கும் பலிக்காது. பலிக்கிறதா என்று சொல்லவே ஒரு வருடம் வரை ஆகும்.

வீட்டில் செய்யக்கூடியதில் குளியல்தான் முதலில். மருந்து ஷாம்பூவை நுரைத்தவுடன் கழுவினால் வீண். 10 நிமிடம் ஊற வேண்டும், வெந்நீர் கூடாது. நடந்து வந்ததும் பாதங்களையும் வயிற்றையும் ஈரத்துணியால் துடைத்து உலர்த்துங்கள். படுக்கையை வாரம் ஒரு தடவை சூடான நீரில் துவையுங்கள்.

முகம் திடீரென்று வீங்குவது, உடலெங்கும் தடிப்பு, மூச்சுத் திணறல், தேனீ கொட்டியோ ஊசி போட்டோ சற்று நேரத்தில் வாந்தியும் பேதியுமாகச் சோர்ந்து விழுவது, இவற்றில் எது வந்தாலும் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். நாய்க்குத் தீவிர ஒவ்வாமை மூச்சுத் திணறல் இல்லாமலேயும் வரும். பெரும்பாலும் முதலில் வயிறு கெடும், இரத்த அழுத்தம் சரியும்.

வழக்கமான பரிசோதனைக்கு வரும்போது ஒரு சிறு குறிப்பேடு கொண்டுவாருங்கள். அன்றன்றைய அரிப்புக்கு 0 முதல் 10 வரை ஒரு எண், புதிதாக என்ன சாப்பிட்டது, எந்த மருந்து போட்டீர்கள், அவ்வளவு போதும். "போன மாதத்துக்கு இப்போது பரவாயில்லை" என்பதை வைத்து என்னால் மருந்தைக் குறைக்க முடியாது. 7-ல் இருந்தது 3-க்கு வந்து அங்கேயே நிற்கிறது என்றால் தைரியமாகக் குறைப்பேன்.