கால் ரத்தக்குழாய் அடைப்பு: பலூன் உள்ளே செய்வது என்ன?

கொஞ்ச தூரம் நடந்தாலே கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு, நின்றதும் சரியாகிவிடுகிறதா? தொடைத் தமனி அடைபட்டிருக்கலாம். கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்து 0.9 அல்லது குறைவாக வந்தால் அடைப்பு. சர்க்கரை நோயாளிகளிடம் இந்தக் கணக்கு ஏமாற்றும். சுண்ணாம்பு படிந்து விறைத்த குழாயை வெளியிலிருந்து அமுக்க முடியாததால், அடைப்பு இருந்தும் எண் 1.4-ஐத் தாண்டும். அவர்களுக்குக் கால்விரலில் அழுத்தம் பார்க்க வேண்டும்.

நடக்கும்போது மட்டும் வலித்தால் முதல் சிகிச்சை புகையை விடுவதும் மருந்தும் முறையான நடைப்பயிற்சியுமே. படுத்திருக்கும்போதும் பாதம் வலித்தால், புண் ஆறாவிட்டால், தாமதிக்கக் கூடாது.

அறுக்காமல் திறக்கும் வழியை 1964-இல் அமெரிக்காவின் போர்ட்லாண்டில் சார்லஸ் டாட்டர் காட்டினார். காலை எடுக்கச் சம்மதிக்காத 82 வயது மூதாட்டியின் தமனிக்குள், ஒன்றைவிட ஒன்று பருத்த குழல்களைச் செலுத்தினார். பத்தாண்டு கழித்து சூரிச்சில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் பலூனைக் கொண்டுவந்தார்.

இன்று கவட்டையை மட்டும் மரக்கவைத்து, தொடை எலும்பின் தலைக்கு நேராகத் தமனியைக் குத்துகிறார்கள். மிகவும் மேலே குத்தினால், பிறகு அழுத்திப் பிடிக்க அடியில் எலும்பு இருக்காது. ரத்தம் வயிற்றின் பின்புறம் கண்ணுக்குத் தெரியாமல் தேங்கும். குத்திய துளையில் செருகிவைக்கும் 2 மி.மீ. உள்விட்டமுள்ள ஷீத் என்ற குழல் வழியாக, ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் மருந்து கொடுத்துவிட்டு, மெல்லிய கம்பியால் அடைப்பைக் கடக்கிறார்கள். முழு அடைப்பில் பெரும்பாலும் நேரத்தைத் தின்பது இதுதான். கம்பி அடிக்கடி குழாய்ச் சுவருக்குள்ளேயே புகுந்துவிடும். அப்படியே கீழிறக்கி, அடைப்பைத் தாண்டியதும் மீண்டும் ரத்தம் ஓடும் பாதைக்குள் திருப்ப வேண்டும்.

அந்தக் கம்பியின் மேலேயே பலூன் போகிறது. அதன் விட்டம் தொடைக்கு 5 அல்லது 6 மி.மீ., முழங்காலுக்குக் கீழே 2 முதல் 3.5 மி.மீ. சாயம் கலந்த உப்புநீரால், பெரும்பாலும் 6 முதல் 12 வளிமண்டல அழுத்தத்தில், இரண்டு மூன்று நிமிடம் விரித்து வைப்பார்கள். குழாயை அடைத்திருக்கும் படிவு நசுங்கி ஒதுங்குவதில்லை. பிளக்கிறது, சுவரின் உட்படலமும் சேர்ந்து கிழிகிறது. கிழிசல் பெரிதாகாமலிருக்கவே மெதுவாக விரிக்கிறார்கள். கிழிந்த மடல் ஓட்டத்தை மறித்தால், தானே விரியும் நிட்டினால் (நிக்கல்-டைட்டானியம் கலவை) ஸ்டென்ட், அதாவது உலோக வலைக்குழல், வைக்க நேரும். முழங்கால் மடிப்பில் அதை முடிந்தவரை தவிர்ப்பார்கள். மடங்கி மடங்கி உடையக்கூடும்.

ஷீத்தை எடுத்ததும் 15–20 நிமிடம் கையால் அழுத்திப் பிடித்து, சில மணி நேரம் காலை நீட்டிப் படுக்கவைப்பார்கள். அப்போது இடுப்பு வலித்து வியர்த்தாலோ, பாதம் திடீரென வெளுத்துக் குளிர்ந்தாலோ உடனே சொல்ல வேண்டும். முதலாவது உள்ரத்தக் கசிவாக இருக்கலாம். இரண்டாவது, உதிர்ந்த துணுக்கு கீழே போய் அடைத்ததாக.

கிழிந்த சுவர் ஆறும்போது தசைச்செல்கள் பெருகி, சில மாதங்களில் பாதையை மீண்டும் குறுக்கும். இதைத் தடுக்கவே தொடையில், செல் பெருக்கத்தை அடக்கும் பேக்லிடாக்சல் மருந்து பூசிய பலூன். முழங்காலுக்குக் கீழே மறு அடைப்பு இன்னும் சீக்கிரம் வரும். ஆனாலும் அந்தச் சிகிச்சை வீணல்ல: ஆறிய தோலைக் காக்க, புண்ணை ஆற்றுவதைவிடக் குறைந்த ரத்தமே போதும். ஆகவே குழாய் திறந்த வாரத்திலிருந்தே புண்ணுக்குக் கட்டு, பாதத்தில் எடை விழாத காலணி, சர்க்கரைக் கட்டுப்பாடு மூன்றும் தொடங்கிவிட வேண்டும்.